நல்ல சேதி வந்தா நம்புங்க... நாலு பேரைக் கூப்பிட்டுச் சொல்லுங்க!

உங்கள் வீட்டில் கடைசியாக ஒரு நல்ல செய்தி வந்தது எப்போது? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

பெரிய பதவி, புது வீடு, புது கார் என்று போக வேண்டாம். அப்பாவின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் நார்மல் என்று வந்திருக்கலாம். அடகு வைத்த நகை மீண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். கணக்கில் தேறவே தேறாத பையன் 52 மார்க் வாங்கியிருக்கலாம். முழங்கால் வலியோடு கிடந்த பாட்டி, யார் கையையும் பிடிக்காமல் வாசல்படி இறங்கியிருக்கலாம்.

சரி, அந்தச் செய்தி வந்ததும் வீட்டில் என்ன பேசினீர்கள்?

"சரி சரி... வெளியே யார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாதே. கண்ணு பட்டுரும்."

"இப்ப நார்மல்னுதான் சொல்லுவாங்க. அடுத்த தடவை என்ன வருதுன்னு பார்ப்போம்."

"52 தானே? பக்கத்து வீட்டுப் பையன் 91 வாங்கியிருக்கான்!"

"ரொம்பச் சிரிக்காதே. சிரிச்சா அப்புறம் அழணும்."

என்ன, எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? மதுரையில் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கிறது. கெட்ட செய்தி என்றால் இரவோடு இரவாக உறவுக்காரர் அத்தனை பேருக்கும் போன் போகிறது. நல்ல செய்தியை மட்டும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறோம்!

இதில் உடம்புக்கு என்ன வந்தது என்று கேட்கிறீர்களா? நிறையவே இருக்கிறது. சர்க்கரை நோய்க்காரர் ஒருவர் 3 மாதம் விடாமல் காலையில் நடக்கிறார். சர்க்கரை கொஞ்சம் குறைகிறது. வீட்டில் யாரும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. 'இவ்வளவு நடந்து என்னத்தைக் கண்டோம்' என்று நாலாவது மாதம் அவர் செருப்பைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார். ஜெயித்த விஷயத்தை ஜெயித்ததாகவே தெரிந்துகொள்ளாமல் நல்ல பழக்கத்தைக் கைவிடுகிறவர்கள் எத்தனையோ பேர்.

இதற்கு நம் ஊர் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் சபைகளிலும் தலைமுறை தலைமுறையாக இருந்து வரும் சில பழக்கங்கள் அருமையான மருந்து. அவற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். நீங்கள் எந்த மதத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் இதில் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது.

நல்லதை நம்ப ஏன் இத்தனை தயக்கம்?

முதல் காரணம், நம் மனதின் அமைப்பே அப்படி! கெட்டதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். நல்லதை நழுவ விட்டுவிடும். அமெரிக்க உளவியல் ஆய்வாளர் ராய் பௌமைஸ்டரும் அவரது குழுவினரும் 2001-ல் இதைப் பற்றிய ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நல்ல சம்பவத்தைவிடக் கெட்ட சம்பவமும், பாராட்டைவிடத் திட்டும் மனதில் ஆழமாகப் பதிகின்றன என்பதுதான் அவர்கள் கண்ட முடிவு. ஆபத்தை உடனே கவனித்தவன்தான் பிழைத்தான் என்ற பழைய காலத்துக்கு அது தேவையாக இருந்திருக்கலாம். இன்று அதுவே நம் நிம்மதிக்குப் பகையாகிவிடுகிறது.

இரண்டாவது காரணம், கண் திருஷ்டி பயம். கிறிஸ்தவ வீடுகளில் வாசலில் பூசணிக்காய் கட்டாமல் இருக்கலாம். ஆனால் 'வெளியே சொன்னால் போய்விடும்' என்ற பயம் அங்கேயும் இருக்கிறது.

மூன்றாவது காரணம் கொஞ்சம் நுட்பமானது. 'பெருமை பாவம்' என்று சின்ன வயசிலிருந்தே சொல்லி வளர்த்திருப்பார்கள். அதனால், 'நான் இதைச் செய்து முடித்தேன்' என்று வாயைத் திறந்து சொல்லவே கூச்சம். இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். 'பார்த்தாயா, உன்னால் முடியாததை நான் முடித்துவிட்டேன்' என்பது பெருமை. 'ரொம்பக் கஷ்டப்பட்டேன், பலர் உதவினார்கள், கடவுள் துணையாக இருந்தார், முடிந்தது' என்பது நன்றி. முதலாவதைக் கேட்கிறவர் சுருங்கிப் போவார். இரண்டாவதைக் கேட்கிறவருக்கோ, 'அப்படியானால் என்னாலும் முடியுமோ' என்று ஒரு தெம்பு வரும்.

பேரிலேயே நல்ல செய்தி!

ராபர்ட் தெ நொபிலி என்ற இத்தாலியத் துறவி மதுரைக்கு வந்தது 1606-ல். அமெரிக்கன் மதுரை மிஷன் இங்கே வேலை ஆரம்பித்தது 1834-ல். அப்படிப் பல வழிகளில் மதுரைச் சீமைக்கு வந்து சேர்ந்த கிறிஸ்தவத்தில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை எது தெரியுமா? சி.எஸ்.ஐ. போன்ற சபைகளில் 'சுவிசேஷம்' என்பார்கள். கத்தோலிக்கர்கள் 'நற்செய்தி' என்பார்கள். இரண்டும் 'இவாங்கெலியோன்' என்ற கிரேக்கச் சொல்லின் தமிழ் வடிவம்தான். கிரேக்கர்களின் பழைய வழக்கில், நல்ல சேதி கொண்டு வந்தவனுக்குக் கொடுக்கும் பரிசுக்கும் அந்தச் சொல்லே பெயர்!

அதாவது, 'நல்ல சேதி வந்திருக்கிறது, கேளுங்கள்' என்று சொல்வதுதான் இந்த நம்பிக்கையின் அடிப்படையே. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நற்செய்தி கேட்டுவிட்டு, திங்கட்கிழமை வீட்டில் வந்த நல்ல செய்தியைச் சந்தேகப்பட்டால் எப்படி?

யாக்கோபுக்கு வந்த மயக்கம்

நல்ல செய்தியை நம்ப முடியாமல் தவிப்பது இன்று நேற்று வந்த வியாதி அல்ல. பைபிளில் முதல் புத்தகமான ஆதியாகமத்திலேயே (கத்தோலிக்கப் பதிப்பில் தொடக்கநூல்) ஒரு பெரியவர் இதில் மாட்டிக்கொள்கிறார்.

யாக்கோபின் செல்ல மகன் யோசேப்பு. அவனைக் காட்டு மிருகம் கொன்றுவிட்டதாக நினைத்து, 20 வருடங்களுக்கு மேல் அந்தத் துக்கத்திலேயே வாழ்ந்தவர் அவர். ஒரு நாள் மற்ற பிள்ளைகள் எகிப்திலிருந்து ஓடி வந்து, 'யோசேப்பு உயிரோடு இருக்கிறான், அந்த நாட்டுக்கே அதிகாரியாக இருக்கிறான்' என்கிறார்கள். அந்தப் பெரியவர் துள்ளிக் குதித்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. அவர் மனம் மரத்துப் போகிறது. அவரால் நம்ப முடியவில்லை.

பிறகு எப்படி நம்பினார்? பிள்ளைகள் விவரமாக எல்லாவற்றையும் சொல்கிறார்கள். தன்னை அழைத்துப் போக யோசேப்பு அனுப்பிய வண்டிகள் வாசலில் நிற்பதைக் கண்ணால் பார்க்கிறார். அப்போதுதான் அவருக்கு உயிர் திரும்புகிறது. போய் மகனைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் வருகிறது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. ரொம்ப நாள் வேதனையில் இருந்தவர்களால் நல்ல செய்தியை உடனே ஏற்க முடியாது. அது அவிசுவாசம் அல்ல, மனம் களைத்துப் போயிருக்கிறது என்று அர்த்தம். பெரிய சிகிச்சை முடித்து வந்தவரிடம், 'அதான் சரியாயிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரே, இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?' என்று விரட்டாதீர்கள். அவருக்கு வண்டியைக் காட்டுங்கள்!

எப்படி? டாக்டரைப் பார்க்கப் போகும்போது, 'போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் எது எவ்வளவு மாறியிருக்கு டாக்டர்?' என்று கேட்டு, அந்த எண்களை ஒரு நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். சர்க்கரைக்காரர்கள் என்றால், கடந்த 2, 3 மாதங்களின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை ரிசல்ட்டை எழுதலாம். ரத்த அழுத்தம், எடை, எத்தனை நிமிடம் நடந்தோம் என்பதையும் எழுதலாம். 'நல்லாயிருக்கு' என்ற ஒரு வார்த்தையை மனம் நம்பாது. கண் முன்னால் இருக்கும் கணக்கை நம்பும். அடுத்த பரிசோதனைத் தேதியையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். நல்ல செய்தியை ஏற்றுக்கொள்வது என்றால் கவனத்தைக் கைவிடுவது என்று அர்த்தம் கிடையாது.

கேட்பவர் எலிசபெத்தா, கல்லா?

லூக்கா எழுதிய நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இன்னொரு அழகான காட்சி. வயதான எலிசபெத்துக்குக் குழந்தை பிறக்கப் போகிறது என்ற செய்தி, கணவர் சகரியாவுக்கு முதலில் வருகிறது. அவர் நம்பவில்லை. குழந்தை பிறக்கும் வரை பேச்சே வராமல் போய்விடுகிறது. ஆனால், தனக்கும் ஒரு குழந்தை பிறக்கப் போகிற செய்தியோடு மரியாள் மலைநாட்டுக்குப் பயணப்பட்டு வந்து வாசலில் நின்றதும், எலிசபெத் என்ன செய்கிறாள்? உரத்த குரலில் வாழ்த்துகிறாள். தன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் துள்ளுகிறது என்கிறாள். மரியாள் பாடவே ஆரம்பித்துவிடுகிறாள்! சுமார் 3 மாதம் அங்கேயே தங்கியும் விடுகிறாள்.

சொல்ல வருபவருக்கு ஒரு எலிசபெத் கிடைத்தால் சந்தோஷம் இரட்டிப்பாகும் என்பதை இன்றைய உளவியலும் ஒப்புக்கொள்கிறது. அமெரிக்காவில் ஷெல்லி கேபிள் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 2004-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். ஒருவர் நல்ல செய்தி சொல்லும்போது எதிரில் இருப்பவர் நாலு விதமாகப் பதில் சொல்லலாம் என்று அவர்கள் பிரிக்கிறார்கள். நம் வீட்டுப் பேச்சில் அது எப்படி இருக்கும், பாருங்கள்.

மனைவி சொல்கிறார்: "என்னங்க, மகளிர் குழுவில் என்னைப் பொருளாளராப் போட்டிருக்காங்க!"

முதல் வகை: "அப்படியா! யாரு உன் பேரைச் சொன்னது? உனக்கு எப்படி இருந்துச்சு? உட்காரு, முழுசாச் சொல்லு."

இரண்டாம் வகை: "ம்... நல்லது." (கண் டி.வி.யில்!)

மூன்றாம் வகை: "உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? கணக்கில் பத்து ரூபாய் குறைஞ்சா உன்னைத்தான் பிடிப்பாங்க."

நாலாம் வகை: "சாப்பாடு ரெடியா?"

இதில் முதல் வகைப் பதில் கிடைக்கும் தம்பதிகளிடம்தான் நெருக்கமும் திருப்தியும் அதிகமாக இருப்பதாக அந்த ஆய்வில் தெரிந்தது. மற்ற மூன்றுமே உறவைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கின்றன. மூன்றாம் வகையைச் சொல்பவர் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் கேட்பவர் காதில் அது அக்கறையாக விழுவதில்லை. எச்சரிக்கை சொல்ல வேண்டுமா? நாளைக்குச் சொல்லுங்கள். இன்றைக்கு சந்தோஷம் மட்டும்!

ஒன்பது பேர் எங்கே?

லூக்கா நற்செய்தியில் பத்துத் தொழுநோயாளிகள் கதை உண்டு. பத்துப் பேருக்கும் குணமாகிறது. திரும்பி வந்து நன்றி சொன்னவர் ஒருவர்தான். அவரும் வேற்றினத்தார் என்று ஒதுக்கப்பட்ட சமாரியர். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்கிறார். அந்த ஒன்பது பேரும் கெட்டவர்கள் என்று அங்கே சொல்லப்படவில்லை. வீட்டுக்குப் போகிற அவசரமாக இருந்திருக்கலாம். நாமும் பெரும்பாலும் அந்த ஒன்பதில் ஒருவர்தான்! ரிசல்ட் நார்மல் என்றதும் அடுத்த கவலைக்கு ஓடிவிடுகிறோம்.

திரும்பி வந்து நிற்பதை ஒரு பழக்கமாகவே ஆக்கிவிட்டார்கள் நம் ஊர் சபையார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிறந்த நாள், திருமண நாள் என்று எழுந்து நின்று ஸ்தோத்திரக் காணிக்கை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சுகமாகி வந்தவர்கள், பரீட்சையில் தேறியவர்கள், வேலை கிடைத்தவர்கள் 'சாட்சி' சொல்வார்கள். கத்தோலிக்கர்கள் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுப்பார்கள். வேளாங்கண்ணிக்குப் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள், மாதாவுக்குக் காணிக்கையாக வந்த பொருள்களை வைப்பதற்கென்றே அங்கே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது! மீனாட்சி அம்மனுக்கும் அழகருக்கும் நேர்த்திக்கடன் செலுத்துவதிலும், முஸ்லிம் அன்பர்கள் நல்லது நடந்ததும் 'அல்ஹம்துலில்லாஹ்' என்பதிலும் இருப்பது இதே நன்றி மனசுதான்.

இன்னொரு பழக்கம் 'கைப்பிடி அரிசி'. உலையில் அரிசி போடுவதற்கு முன்னால், ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். சேர்ந்ததும் கோயிலுக்குக் கொண்டு போவார்கள். சபைத் தேவைக்கும் இல்லாதவர்களுக்கும் அது உதவும். இதில் உள்ள சூட்சுமத்தைக் கவனித்தீர்களா? தினமும் சமைக்கும்போது 'இன்றைக்கும் நமக்கு அரிசி இருக்கிறது' என்று அந்தத் தாய் ஒரு தடவை நினைத்துக்கொள்கிறாள். வருடத்துக்கு 365 நல்ல செய்தி!

2003-ல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவினர், நன்றி சொல்லத்தக்க விஷயங்கள் ஐந்து வரை வாரம் ஒரு முறை எழுத வேண்டும். இன்னொரு பிரிவினர், எரிச்சல் தந்த விஷயங்களை எழுத வேண்டும். 10 வாரம் கழித்துப் பார்த்தபோது, நன்றி எழுதியவர்கள் வாழ்க்கையைப் பற்றி அதிகத் திருப்தியோடு இருந்தார்கள். உடல் உபாதைகளைக் குறைவாகச் சொன்னார்கள். உடற்பயிற்சியும் கூடுதலாகச் செய்திருந்தார்கள். வாரம் ஒரு தடவை எழுதியதற்கே இவ்வளவு!

'எபெனேசர்' என்றால் என்ன?

மதுரைப் பக்கம் கிறிஸ்தவர்கள் அதிகம் வசிக்கும் தெருக்களில் நடந்து பாருங்கள். 'எபெனேசர் இல்லம்' என்று ஒரு வீடாவது கண்ணில் படும். ஆட்களுக்கும் அந்தப் பெயர் உண்டு. அர்த்தம் தெரியுமா? 'உதவியின் கல்.' ஒரு யுத்தத்தில் தப்பித்த பிறகு, சாமுவேல் தீர்க்கதரிசி ஒரு கல்லை நட்டு, இதுவரைக்கும் கடவுளின் உதவி கிடைத்தது என்பதற்கு அடையாளமாக வைத்த பெயர் அது.

'இதுவரைக்கும்' என்பதுதான் இங்கே முக்கியம். எல்லா யுத்தமும் முடிந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை. இனிமேல் கஷ்டமே வராது என்றும் சொல்லவில்லை. பாதி வழியில் நின்று, வந்த தூரத்துக்கு ஒரு கல் நடுகிறார். நாம் என்ன செய்கிறோம்? வீட்டுக் கடன் முழுசாக அடையட்டும், பெண்ணுக்குக் கல்யாணம் முடியட்டும், அப்புறம் சந்தோஷப்படலாம் என்று 20 வருடத்துக்குத் தள்ளிப் போடுகிறோம்.

பாதி வழிக் கல்லுக்கு எவ்வளவு சக்தி என்பதைத் தெரேசா அமபிலி, ஸ்டீவன் கிராமர் என்ற ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட புத்தகத்தில் காட்டியிருக்கிறார்கள். அலுவலகத்தில் வேலை பார்க்கும் 238 பேர் எழுதிய சுமார் 12,000 நாட்குறிப்புகளை அலசினார்கள். மனிதர்களுக்கு 'இன்று நல்ல நாள்' என்று தோன்றவைப்பதில் முதலிடம் எதற்கு? தான் மதிக்கும் வேலையில் ஒரு சின்ன முன்னேற்றத்துக்கு!

காசநோய் சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் காசநோய்க்கு 6 மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்திலேயே இருமல் குறைந்து உடம்பு தேறிவிடும். 'சுகமாயிட்டேன்' என்று பலர் அங்கேயே மாத்திரையை நிறுத்தி, நோயை முற்ற விடுகிறார்கள். இவர்களுக்குத் தேவை மாதம் ஒரு எபெனேசர் கல். 'இரண்டு மாதம் தவறாமல் சாப்பிட்டுவிட்டாய், ஸ்தோத்திரம். இன்னும் நாலு!' என்று காலண்டரில் வட்டம் போட்டுக் கொண்டாடுங்கள். கடைசி மாத்திரை வரை போய்ச் சேரத் தெம்பு வரும்.

அசனமும் ஏலமும்

சரி, கொண்டாடுவது எப்படி? நம் கிராமத்துச் சபைகளில் நடக்கும் அறுப்பின் பண்டிகையைப் பார்த்தால் புரியும்.

பெரியாறு அணை 1895-ல் பயன்பாட்டுக்கு வந்த பிறகு, மேலூர் போன்ற பகுதிகளுக்குக் கால்வாய்த் தண்ணீர் கிடைத்தது. உசிலம்பட்டிப் பக்கமோ மானாவாரிப் பூமி அதிகம். தண்ணீர் வந்தால்தான், மழை பெய்தால்தான் விளைச்சல் என்று வாழ்ந்த மக்களுக்கு, வீடு வந்து சேர்ந்த ஒவ்வொரு மூட்டையும் நல்ல செய்திதான். முதல் நெல், வாழைத்தார், பூசணிக்காய், தேங்காய், முட்டை, கோழி என்று கொண்டு வந்து கோயிலில் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு தேங்காய் கடை விலையைப் போலப் பல மடங்குக்குப் போகும். ஏலம் எடுத்தவர் அதைத் திரும்பவும் காணிக்கையாக வைப்பதும் உண்டு! ஊரே சிரித்துக்கொண்டு நிற்கும். பல சபைகளில் அன்றைக்கே 'அசனம்' என்ற பொது விருந்தும் இருக்கும். கூலிக்காரரும் உத்தியோகஸ்தரும் ஒரே பந்தியில் உட்காருவார்கள்.

இந்தப் பந்திக்குப் பின்னால் உள்ள கருத்தை ரொம்பவே வற்புறுத்தியவர், மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு. 'பரட்டை' என்றால்தான் பலருக்குத் தெரியும். 2005-ல் காலமானார். கிராமத்து மெட்டுகளில் கிறிஸ்தவப் பாடல்களை எழுதியவர். சாதி, பணம் என்று பிரிந்து கிடப்பவர்கள் ஒரே உலையில் பொங்கி ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம்.

இதை வைத்து நம் கொண்டாட்டங்களை நினைத்துப் பாருங்கள். மண்டபம், ஃப்ளெக்ஸ் பேனர், வட்டிக்கு வாங்கிய பணம்! கடன் அடைந்த சந்தோஷத்தைக் கொண்டாட இன்னொரு கடனா? நல்ல செய்தியை ஊருக்குக் காட்டுவது வேறு, பகிர்ந்துகொள்வது வேறு. உங்களுக்கு உதவிய நாலு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வேளைச் சாப்பாடு போடுங்கள், போதும். (ஒரே ஒரு எச்சரிக்கை: சர்க்கரை குறைந்ததைக் கொண்டாட ஜிகர்தண்டா கடைக்குப் போய்விடாதீர்கள்!)

அடுத்தவர் சந்தோஷம் வலித்தால்...

எல்லோருக்கும் எல்லா நாளும் நல்ல செய்தி வந்துவிடாது. தங்கைக்குக் குழந்தை பிறந்த செய்தி வரும்போது, குழந்தைக்காகக் காத்திருக்கும் அக்காவுக்கு நெஞ்சில் சுருக்கென்று குத்தும். இது இயல்பு. அதற்காகத் தன்னைப் பாவி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கெட்டுப்போன தம்பி திரும்பி வந்தபோது விருந்துக்குள் வர மறுத்து வெளியிலேயே நின்ற மூத்த மகன் கதை தெரியுமல்லவா? அந்தத் தகப்பன் அவனைத் திட்டவில்லை. தானே வெளியே வந்து, அவனை வருந்தி அழைக்கிறார். சந்தோஷத்தில் இருப்பவர்கள் அந்தத் தகப்பனைப் போல நடந்துகொள்ள வேண்டும். உங்கள் செய்தியைக் கூட்டத்தில் சொல்வதற்கு முன்னால், அது யாருக்கு வலிக்குமோ அவரிடம் தனியாக, மெதுவாகச் சொல்லுங்கள். சந்தோஷப்படுகிறவரோடு சந்தோஷப்படுவதையும் அழுகிறவரோடு அழுவதையும் பவுல் ஒரே மூச்சில்தான் சொல்கிறார்.

சாட்சி கேட்கும் சபைகளுக்கும் ஒரு வார்த்தை. சுகமானவர்களை மட்டுமே மேடையில் ஏற்றினால், சுகமாகாதவர் பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். 'என் விசுவாசம் குறைவோ?' என்று மருகுவார். சங்கீதப் புத்தகத்தில் (திருப்பாடல்கள்) துதிக்குப் பக்கத்திலேயே புலம்பலும் ஏராளமாக இருக்கிறது. 'இன்னும் வலி போகலை. ஆனா இந்த வாரம் ரெண்டு ராத்திரி நல்லாத் தூங்கினேன்' என்பதும் அருமையான சாட்சிதான்.

இதையும் மறக்காதீர்கள்

ஜெபத்தில் சுகம் கிடைத்தது என்று நம்புகிறவர்களும் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, மனநோய் மருந்துகளில் இது உயிருக்கே ஆபத்தாகலாம். குணமான தொழுநோயாளிகளையும், குருவிடம் போய்க் காட்டி உறுதி செய்துகொள்ளச் சொல்லித்தான் இயேசு அனுப்பினார் என்பதை நினைவில் வையுங்கள்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாங்கும் வாக்குத்தத்த அட்டையை ராசிபலன் மாதிரி பார்க்காதீர்கள். 'இந்த வருஷம் கார் வரும், வீடு வரும்' என்று அதில் தேடினால், ஏமாற்றம்தான் மிஞ்சும். எது வந்தாலும் துணை உண்டு என்ற தைரியத்துக்காகப் படியுங்கள்.

எந்த நல்ல செய்தி வந்தாலும் சந்தோஷமே வரவில்லை, முன்பு பிடித்த எதுவும் இப்போது பிடிக்கவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டது... இப்படி 2 வாரத்துக்கு மேல் இருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். விசுவாசக் குறைவு என்று ஒதுக்காமல் டாக்டரைப் பாருங்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் செய்து பாருங்கள்!

1. இரவுச் சாப்பாட்டின்போதோ குடும்ப ஜெபத்தின்போதோ, ஒவ்வொருவரும் அன்றைய நல்ல செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். 'பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது' என்றாலும் சரி.

2. ஒருவர் சொல்லும்போது மற்றவர்கள் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். 'அப்புறம் என்ன ஆச்சு?' போதும்.

3. அந்த நேரத்தில் ஒப்பிட்டுப் பேசுவதற்கும், புத்தி சொல்வதற்கும் தடை!

4. ஒரு பழைய டயரிக்கு 'எபெனேசர்' என்று பெயர் வைத்து, வாரம் ஒரு நாள் ஐந்து நல்ல விஷயங்களை எழுதுங்கள். மனம் சோர்ந்த நாளில் அதைப் புரட்டுங்கள்.

5. நோயாளி இருக்கும் வீட்டில், மருந்து தவறாமல் சாப்பிட்ட நாட்களைக் காலண்டரில் குறித்து, மாதக் கடைசியில் எல்லோருமாகப் பாராட்டுங்கள்.

6. உங்களுக்கு நல்லது நடந்தபோது உதவிய ஒருவருக்கு, அந்த வாரமே நேரில் போயோ போனிலோ நன்றி சொல்லுங்கள். மருந்துக்கடைப் பையனாக இருந்தாலும் சரி, நர்ஸம்மாவாக இருந்தாலும் சரி.

7. சந்தோஷத்தில் ஒரு பங்கைக் கைப்பிடி அரிசி போல எடுத்து வைத்து, இல்லாத ஒருவருக்குக் கொடுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் செயற்கையாக இருக்கும். 'இன்னைக்கு ஒண்ணும் நடக்கலையே' என்பார் வீட்டுக்காரர். விடாதீர்கள். ஒரு வாரத்தில் பிள்ளைகளே, "அம்மா, இன்னைக்கு நான்தான் முதல்ல சொல்வேன்!" என்று சண்டைக்கு வருவார்கள். அந்தச் சண்டையை மட்டும் தீர்த்துவைக்க அவசரப்படாதீர்கள்!